புதுப்பிப்பு: குன்னூர் மாடியறை மலை ரயில்

மாடியறையில் நான் கட்டும் நீலகிரி மலை ரயிலின் சிறு மாதிரியில், கல்லாறு–குன்னூர் ஏற்றத்தை அப்படியே வைக்கலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். "சக்கரம் வழுக்கும், சரிவைக் குறைங்க" என்றீர்கள் பலர். குறைக்கவில்லை. நிஜப் பாதையில் அதிகபட்சம் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அதை விட்டால் அது நீலகிரி ரயிலே இல்லை. எட்டடிப் பலகையில் எட்டு அங்குலம் ஏற்றி, எஞ்சினின் பல்சக்கரம் வழுக்காமல் பற்றி ஏற நடுவில் பல் தண்டவாளம் பதித்தாயிற்று.

மீட்டர் கேஜை (இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர்) 1:87 அளவுக்குச் சுருக்கினால் தண்டவாள இடைவெளி சுமார் 12 மில்லிமீட்டர். நிஜத்தில் பல் பட்டை இரண்டு, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும். என்னிடம் ஒன்றுதான், அந்தப் பொடிசில் இரண்டு பொருத்த என் கண்ணுக்குத் தெம்பில்லை. எஞ்சின் மட்டும் முறைப்படி கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது.

தேயிலைச் செடிக்கு, வடிகட்டிய தேயிலைத் தூளைக் காயவைத்து ஒட்டச் சொன்னார் ஒருவர். சமவெளியில் சரி. இங்கே ஆடி மாத ஈரத்தில் பூசணம்தான் விளையும். ஸ்பாஞ்சை அரைத்துப் பச்சை பெயிண்டில் புரட்டினேன். "அந்த மிக்ஸியை இனி நீயே வச்சுக்கோ" என்றுவிட்டார் அம்மா.

ப்ளைவுட்டின் அடியிலும் வார்னிஷ் அடித்தாயிற்று. அடுத்தது இதே பாதையில் வரும் ஹில்குரோவ் நிலையம், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயோடு.