எம்.எம்.ஆர். தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி – இளந்தாய்:
எங்கள் மகளுக்கு ஒரு வயது நிறைகிறது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊசிக்குப் பிறகுதான் தம் மகனுக்குப் பேச்சு நின்றது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவர் பொய் சொல்பவரல்லர். ஊசியில் பாதரசம் உண்டு என்றும் கேள்விப்பட்டோம். சில மாதங்கள் பொறுத்துப் போடலாமா?

மறுமொழி – நெய்தல்:
உங்கள் உறவினர் கண்டதை நான் ஐயுறவில்லை. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதிருத்தல், பழகிய சொற்களை விட்டுவிடுதல் போன்றவை, பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சி வேறுபாட்டின் அறிகுறிகள். அவை பெற்றோர் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள்; முதல் எம்.எம்.ஆர். ஊசியும் அதே பருவத்தில்தான் போடப்படுகிறது. ஊசி போடாத பிள்ளைகளுக்கும் அதே அளவில் ஆட்டிசம் வருகிறதா என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று காட்டியது. உடன்பிறந்தவருக்கு ஆட்டிசம் இருந்த குழந்தைகளிடமும் முடிவு மாறவில்லை. இந்த அச்சத்தைப் பரப்பிய பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையோ வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழ் அதை 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது.

மறுமொழி – மருந்தாளுநர்:
பாதரசம் பற்றி மட்டும் சொல்கிறேன். எம்.எம்.ஆர். ஊசியில் அது ஒருபோதும் சேர்க்கப்பட்டதில்லை. வேறு சில தடுப்பூசிகளின் பல டோஸ் குப்பிகளில், கிருமி வளராதிருக்கத் தையோமெர்சல் என்ற பாதரசச் சேர்மம் சேர்ப்பதுண்டு. அதிலிருந்து வரும் எத்தில் பாதரசம், மீன்களில் சேரும் மெத்தில் பாதரசத்தைவிட விரைவாக உடலைவிட்டு வெளியேறுகிறது. டென்மார்க் 1992இலேயே தையோமெர்சலைக் கைவிட்டது. அதனால் அங்கே ஆட்டிசம் குறையவில்லை.

இளந்தாய்:
நன்றி. அப்படியானால் பக்கவிளைவே கிடையாதா?

மறுமொழி – குழந்தைகள் நலச் செவிலியர்:
உண்டு, அம்மா, அதை மறைப்பது தவறு. ஊசி போட்ட ஏழு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் காய்ச்சலோ மெல்லிய தடிப்போ வரலாம். அரிதாகக் காய்ச்சலோடு வலிப்பும் வருவதுண்டு. பார்ப்பவரை நடுங்கவைக்குமே தவிர, பொதுவாக நிலையான பாதிப்பை விட்டுச் செல்வதில்லை. தள்ளிப்போடுவதால் இந்த ஆபத்து குறைவதில்லை. 15 மாதம் கடந்து முதல் ஊசி போடப்படும் குழந்தைகளிடம் இவ்வலிப்பு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்ட அந்த இடைக்காலத்தில் தட்டம்மைக்கு எதிராகக் குழந்தைக்குக் காப்பும் இராது. நோயாளி வெளியேறிய அறையின் காற்றில்கூட அக்கிருமி இரண்டு மணி நேரம்வரை தங்கியிருக்கும்.

ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும் என்பதால், ஊசி போட்டவுடன் கிளம்பிவிடாமல் அங்கேயே சற்று நேரம் இருங்கள். குழந்தைக்கு நோய் எதிர்ப்புக் குறைபாடு, அதிக அளவு ஸ்டீராய்டு மருந்து, ஜெலட்டின் அல்லது நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கடும் ஒவ்வாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.