டாக்கிங் செய்ய கேமரா போதாதா, லேசர் எதற்கு?

மொட்டைமாடி_வானம்:
விண்வெளியில் இரு கலங்களை இணைத்துப் பார்க்கும் (அதுதான் டாக்கிங்) இஸ்ரோவின் சோதனையான ஸ்பேடெக்ஸின் இரண்டு செயற்கைக்கோள்களும் 2025 ஜனவரி 16 அன்று இணைந்ததிலிருந்து ஒரு சந்தேகம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆளுக்கு 220 கிலோதான் எடை, 15 மீட்டரில் ஒரு முறை நின்று, 3 மீட்டரில் இன்னொரு முறை நின்று, அப்புறம் மெதுவாக ஒட்டிக்கொண்டன. கேமராவில் பார்த்து ஓட்டினால் ஆகாதா? லேசர் தூரமானியெல்லாம் எதற்கு?

கதிர்_2:
கேமரா திசையை நன்றாகச் சொல்லும், தூரம் என்று வந்தால் திணறும். அதோடு, தாழ்சுற்றுப்பாதையில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் வந்து போய்விடும், நிழல் விழுந்த இடம் கன்னங்கரேல் என்று இருக்கும். 1997 ஜூன் 25-ல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். புரோகிரஸ் சரக்குக் கலத்தைத் திரையைப் பார்த்துக் கையால் ஓட்டினார்கள், பின்னால் பூமியின் மேகங்கள், கலம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே பிடிபடவில்லை, கடைசியில் நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதி உள்ளே இருந்த காற்று வெளியேறத் தொடங்கிவிட்டது. லேசர் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோகிறது. ஒளி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தில் ஒரு நானோநொடி கூடினால் தூரம் 15 செ.மீ. கூடுதல், அவ்வளவுதான் கணக்கு. இப்படி லேசரால் தூரம் அளக்கும் கருவிதான் லைடார். ஃபிளாஷ் லைடார் என்ற வகை இதையே ஒரே துடிப்பில் முழுக் காட்சிக்கும் செய்கிறது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தூரம் கிடைக்கும்.

சுற்றுப்பாதை:
தூரம் அளப்பதைவிட, திரும்பி வந்த ஒளி எதில் பட்டு வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் சரக்குக் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தை முதல்முறை நெருங்கியபோது ஜப்பானின் கிபோ பகுதியிலிருந்து வேண்டாத பிரதிபலிப்பு வந்து லைடாரைக் குழப்பியது. பார்வைப் பரப்பைச் சுருக்கிய பிறகுதான் மேலே போக முடிந்தது. ஐரோப்பாவின் ஏடிவி சரக்குக் கலம் 2008-ல் அதே நிலையத்துடன் இணைந்ததற்கு நிலையத்தின் வால்பக்கம் முன்பே பொருத்தியிருந்த பிரதிபலிப்பான்கள்தான் துணை. லேசர் பட்டதும் அவை புள்ளிகளாக ஒளிரும், புள்ளிகளின் இடைவெளி தூரத்தைச் சொல்லும், கோலம் சாய்ந்திருந்தால் அது கோணம்.

மொட்டைமாடி_வானம்:
கண்ணாடி வைத்தால் ஒளி வேறெங்கோ போய்விடாதா?

சுற்றுப்பாதை:
சாதாரணக் கண்ணாடி என்றால் போய்விடும். இது ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடிகள் சேர்ந்த மூலை, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒளியை வந்த வழியே அனுப்பும். இரவில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சைக்கிளின் பின்புறச் சிவப்பு வில்லையில் அடித்துப் பாருங்கள்.

ஆரம்_9:
பிரதிபலிப்பான் இருந்தால் மட்டும் போதாது என்று நாசாவின் டார்ட் என்ற சோதனைக் கலம் 2005 ஏப்ரலில் காட்டியது (சிறுகோளை மோதிய டார்ட் இல்லை, இது வேறு). அதன் வழிநடத்தல் கணக்கு பிசகி, லேசர் உணரி முழுக் கண்காணிப்புக்கு மாறவேண்டிய இடத்தைக் கொஞ்சத்தில் தவறவிட்டது. பக்கத்தில் போன பிறகும் சரியான தூரம் தெரியாமல், தேடிப் போன செயற்கைக்கோள்மீதே மோதிவிட்டது. அதனால்தான் ஸ்பேடெக்ஸ் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனது எனக்குப் பிடித்திருக்கிறது. உணரி இலக்கைப் பிடித்துவிட்டதா என்று பார்க்காமல் அடுத்த மீட்டருக்குப் போகவே கூடாது.

மொட்டைமாடி_வானம்:
இப்போதுதான் மாடியில் பார்த்தேன். எவர்சில்வர் தட்டு நேராகத் திருப்பினால் மட்டும் பளிச்சென்றது. சைக்கிளை எப்படிச் சாய்த்து நிறுத்தினாலும் வில்லை சிவப்பாக எரிகிறது!