மறு: பெருங்கனவளவு வெளிவார்ப்புக் கட்டை

வணக்கம் சேர். உங்கள் எஞ்சின் கட்டுரையில் வரும் 'aftermarket large-displacement engine block' என்பதற்கு நான் போட்ட 'பெருங்கனவளவு வெளிவார்ப்புக் கட்டை' பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டை என்பது உருளைகள் (சிலிண்டர்கள்) அமைந்த எஞ்சின் உடல். உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கீழே.

> 'சந்தைக்குப்பின் பேரிடப்பெயர்ச்சிப் பொறிக்கட்டை' என்று போட்டால் என்ன?

வேண்டாம் சேர். இடப்பெயர்ச்சி என்றால் ஓ/எல் படிக்கிற பிள்ளைக்குத் திசையோடு கூடிய தூரம். வீட்டுப் பெரியவர்களுக்கோ 77 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனதுதான் ஞாபகம் வரும். எஞ்சினுக்குள் அப்படி யாரும் பெயர்ந்து போவதில்லை. முசலம் (பிஸ்டன்) உருளைக்குள் மேலிருந்து கீழே இறங்கும்போது வாரிக்கொள்ளும் இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு நம்ம பாடப்புத்தகத்துக் 'கனவளவு' போதும். அதைக் 'கனவு அளவு' என்று பிரித்துப் படித்தாலும் இந்த எஞ்சின்களுக்குப் பின்னால் அலைகிறவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

> பெருங்கட்டை என்றாலே பெருங்கனவளவுதானே? இரண்டு சொல் எதற்கு?

இங்கேதான் கட்டுரை கவிழும். அமெரிக்கக் கார்க் கம்பனியான செவர்லேயின் 'மார்க் IV' பெருங்கட்டை (big block) 1965இல் 396 கன அங்குலத்தோடு வந்தது. 1970இல் அதே கம்பனியின் சிறுகட்டை (small block) 400 கன அங்குலம்! கட்டை பெரிதா சிறிதா என்பது ஓர் உருளையின் நடுவிலிருந்து அடுத்த உருளையின் நடு வரைக்கும் உள்ள தூரத்தில் தெரியும்: சிறுகட்டைக்கு 4.40 அங்குலம், பெருங்கட்டைக்கு 4.84. கனவளவு வேறு கணக்கு. துளை (உருளையின் உள்விட்டம்) 4.25 அங்குலம், வீச்சு (முசலம் ஓடும் தூரம்) 4 அங்குலம், உருளை எட்டு என்றால் 454 கன அங்குலம் வரும். நாம் பேசுகிற சீசீயில் அது கிட்டத்தட்ட 7440. மொரிஸ் மைனர் காரின் கடைசி எஞ்சின் 1098 சீசீதான்; ஏறக்குறைய ஏழு மைனர் ஒரே பொனட்டுக்குள்ளே. சீசீ பார்த்து வரி போடுகிற நாட்டில் இருந்துகொண்டு இதை மொழிபெயர்க்கிறோம், சரி.

அடுத்தது 'சந்தைக்குப்பின்'. கேட்டால் சந்தை கலைந்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் கோவா மாதிரி இருக்கிறது. நம்ம ஸ்பெயார்ஸ் கடைகளில் ஜெனுயின் இல்லாதது எல்லாம் டுப்ளிகேட். அதுவும் இங்கே பொருந்தாது. இந்தக் கட்டைகளை மூலத்தைவிட உறுதியாக இருக்கும் என்றுதான் வாங்குகிறார்கள்.

மச்சானின் மைனர் கட்டையை ஒருமுறை ஹட்டனில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிப் போனோம். பாஸ் துளைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே படிபோலத் தேய்ந்திருந்த இடத்தில் அவருடைய நகம் தட்டி நின்றது. "அறுபதும் வெட்டியாச்சு தம்பி, இனி ஸ்லீவ்தான்" என்றார். அறுபது என்றால் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் அறுபது பங்கு. அதற்கு மேல் துளையைப் பெருக்கினால் சுவர் தாங்காது. ஸ்லீவ் என்றால் உருளைக்குள் செருகும் புது உலோகக் குழாய்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். பழைய கட்டைகள் பலமுறை துளை பெருக்கப்பட்டுச் சுவர் மெலிந்தவை, வெடிப்பு விட்டவை. அதனால்தான் புதிதாக வார்த்ததற்கு இந்தக் கிராக்கி. தடித்த சுவர், சுழல்தண்டை (கிராங்க் ஷாஃப்ட்) பிடிக்கும் மூடிக்கு இரண்டுக்குப் பதிலாக நான்கு போல்ட், வீச்சை நீட்ட உள்ளே இடம். இப்போது சிறுகட்டை வடிவத்திலேயே 454 கன அங்குலம் எடுக்கிறார்கள்.

ஆகவே யார் வார்த்தது என்பதைச் சொல் காட்டட்டும்: கார்க் கம்பனிக்கு வெளியே வார்த்தது 'வெளிவார்ப்பு'.

> கட்டை என்றால் மைல்கட்டை ஞாபகம் வருகிறதே?

வரட்டும். 'இரண்டாம் கட்டையில் இறங்கு' என்பதையும் 'கட்டையைக் கழற்று' என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. உண்மையில் எனக்கு 'உரல்' என்று வைக்கத்தான் ஆசை. முசலம் என்றால் உலக்கை. உலக்கை இடிக்கிற இடம் உரல்தானே? எட்டுக்குழி உரல். நீங்கள் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். திண்ம அலுமினியத்தைக் குடைந்து செய்யும் கட்டைகளும் உண்டு. அவற்றை யாரும் வார்ப்பதில்லை. அவற்றுக்கு 'வெளியாக்கக் கட்டை' என்று போடலாம். உங்கள் தலைப்பை இப்போதைக்கு இப்படி மாற்றுகிறேன்: 'பெருங்கனவளவு வெளிவார்ப்புக் கட்டைக்கு ஏன் இத்தனை கிராக்கி?'