கடைசி நாற்காலியில் இருந்துகொண்டு 12-ல் சீட்டு கேட்டது குற்றமா?

ஏழாம் நாற்காலி:
21-ஐத் தாண்டாமல் கேசினோவின் டீலரை மிஞ்ச வேண்டிய சீட்டாட்டம் பிளாக்ஜாக். அந்த மேசையில் கடைசி இடம் எனக்கு, எனக்கு அடுத்து சீட்டு எடுப்பது டீலர்தான். டீலரின் திறந்த சீட்டு 6. என் கையில் 12. அதற்கு முன் மூன்று தடவை 12-ல் சீட்டு கேட்காமல் நின்று தோற்றிருந்தேன். அந்த எரிச்சலில் மேசையைத் தட்டி ஒன்று கேட்டுவிட்டேன். வந்தது ராஜா. 22, என் கதை முடிந்தது. டீலர் கவிழ்த்து வைத்திருந்ததைத் திருப்பினார், 10. ஆக 16. அடுத்து இழுத்தது 5. சரியாக 21!

பக்கத்தில் இருந்தவருக்கு முகமே சிவந்துவிட்டது. "அந்த ராஜா டீலருக்குப் போக வேண்டியது. ஆடத் தெரியாதவர் கடைசி இடத்தில் எதற்கு உட்காருகிறீர்கள்?" என்றார். மற்ற நாலு பேரும் முறைத்தார்கள். நான் சும்மா இருந்திருந்தால் டீலருக்கு 26 ஆகியிருக்கும் என்பது உண்மைதான். அப்படியென்றால் அவர்கள் வாய்ப்பை நான் கெடுத்தேனா?

இருபத்தொன்று:
கெடுத்தீர்கள், சந்தேகமே வேண்டாம். டீலரிடம் 6 இருந்தால் கடைசி ஆள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் எழுந்தே போயிருப்பேன்.

கட்டு கலைத்தவன்:
பல வருடம் டீலர் பக்கம் நின்று சீட்டு போட்டவன் நான். இந்தச் சண்டையை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணி முடியாது.

கட்டில் இரண்டே சீட்டு மிச்சம் என்று வையுங்கள், ஒரு ராஜா, ஒரு 5. எது மேலே என்று யாருக்கும் தெரியாது. டீலரிடம் 16. நீங்கள் எடுக்காவிட்டால் மேலே இருப்பது டீலருக்கு, அது ராஜாவாக இருக்கப் பாதிக்குப் பாதி. எடுத்தால் கீழே இருப்பது டீலருக்கு, அதுவும் ராஜாவாக இருக்கப் பாதிக்குப் பாதி. என்ன மாறியது?

உங்கள் மேசையில் ராஜா மேலே இருந்தது. 5 மேலே இருந்திருந்தால் உங்களுக்கு 17, டீலருக்கு ராஜா விழுந்து 26, மேசைக்கே காசு. அப்படி எத்தனையோ கை நடக்கிறது. அதற்காக யாரும் கடைசி நாற்காலிக்காரருக்குக் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கிய கை மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

இன்னொன்று. கட்டைக் கலைத்து வெட்டியதும் முதல் சீட்டைக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிடுவோம். அதனால் அந்தக் கட்டு முழுக்க எல்லாருடைய சீட்டும் ஒன்று தள்ளிப் போகிறது. அதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை!

ஏழாம் நாற்காலி:
ஆனால் ராஜா வெளியே போய்விட்டால் மிச்சக் கட்டில் பத்து மதிப்புள்ள சீட்டு குறையுமே?

கட்டு கலைத்தவன்:
குறையும். ஆறு கட்டு ஆட்டத்தில் 312 சீட்டு, அதில் பத்து மதிப்புள்ளவை 96. ஒன்று போனால் கொஞ்சம் குறைகிறது. நீங்கள் இழுத்தது 5 என்றால் பத்துகளின் விகிதம் அதைவிடக் குறைவாக ஏறுகிறது, ஆனால் பத்து அல்லாத சீட்டு வரும் வாய்ப்புதான் அதிகம். இழுப்பதற்கு முன் எது வரும் என்று தெரியாதவரை இரண்டும் கழிந்துவிடும்.

டீலருக்கு 6 இருக்கும்போது 12-ல் நிற்பதுதான் சரி, அதை மறுக்கவில்லை. 1956-லேயே நாலு பேர் கணக்குப் போட்டுக் காட்டிய சங்கதி அது. ஆனால் அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது நீங்கள் மட்டும்தான், அதுவும் சின்ன விலை.

பக்கத்து ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேசை விரிப்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வரும் பிளாக்ஜாக்குக்கு, கட்டிய 2-க்கு 3 கொடுக்காமல் 5-க்கு 6 கொடுக்கிற மேசையென்றால், கேசினோவின் பங்கு சுமார் 1.4 சதவீதம் கூடிவிடும். முறைத்த ஐந்து பேரில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

இருபத்தொன்று:
வெளியே போன சீட்டுகளைக் கணக்கு வைத்து ஆடுகிறார்களே, அந்தச் சீட்டு எண்ணுகிறவர்களுக்கும் பக்கத்து ஆள் ஆடுவது ஒரு பொருட்டில்லையா?

கட்டு கலைத்தவன்:
அவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கட்டு சாதகமாக இருக்கும் நேரத்தில் மேசையில் ஆள் அதிகம் இருந்தால் நல்ல சீட்டுகள் பங்கு போட்டுப் போய்விடும், இவருக்குக் கிடைக்கும் கை குறையும். அது ஆள் எண்ணிக்கையால் வருவது. பக்கத்து ஆள் கெட்டிக்காரரா மக்கா என்பது இதிலும் பெரிய விஷயமில்லை.

இருபத்தொன்று:
கணக்கு சரி. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் நாற்காலி:
நேற்று மறுபடி போனேன். அதே கடைசி நாற்காலி. என்னிடம் 12, டீலரிடம் 4. நின்றேன். டீலர் இழுத்து இழுத்து 20-க்கு வந்துவிட்டார், மேசை முழுக்கத் தோற்றது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.