மருத்துவக் காப்பீட்டு பாலிசி தேதி தாண்டிருச்சு, அப்பாவுக்கு இனி என்ன வழி?

கேள்வி (நாகர்கோவில்): அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர். ஆண்டு பிரீமியம் கட்டவேண்டிய தேதி போய் 20 நாள். புதுசா வேற பாலிசி எடுக்கலாமா?

பதில் 1: வேண்டாம் தம்பி. ஆண்டு பிரீமியத்துக்குத் தேதி தாண்டியும் 30 நாள் அவகாசம் உண்டு, இன்னைக்கே கட்டுங்க. விட்டால் பழைய நோய்களுக்கு 36 மாதம் வரை மறுபடி காத்திருக்கணும். கட்டாத இந்த இடைவெளியில் அட்மிட் ஆனால் கிளைம் கிடைக்காது.

பதில் 2: பணமே இல்லையென்றால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் முதலமைச்சர் காப்பீட்டு மையத்துக்குப் போங்க. தினசரி மாத்திரைக்கு அது உதவாது.

பதில் 3: காப்பீடு போனதும் பலர் நிறுத்துவது மாத்திரையைத்தான். அப்படி நிறுத்தினால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரைகள் இலவசம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துருங்க, தயவுசெய்து தள்ளிப்போடாதீங்க.