விடிந்தால் அடுக்குத் தும்மல், மெத்தைதான் காரணமா?

தாம்பரத்து அம்மா:
பையனுக்கு 7 வயது. எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. பள்ளிக்குப் போனால் சரியாகிவிடுகிறது. பரிசோதனையில் தூசிப் பூச்சி ஒவ்வாமை என்று வந்தது. பழைய இலவம்பஞ்சு மெத்தை, தினமும் உதறித்தான் போடுகிறேன், அப்புறமும் ஏன்?

மழைக்காதலன்:
முதலில் அறைக்குள் உதறுவதை நிறுத்துங்கள். அந்தப் பூச்சி கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், கடிக்காது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலேயே வாழும். ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம், நீங்கள் உதறும்போது அதுதான் காற்றில் ஏறிக் குழந்தையின் மூக்குக்குள் போகிறது. மெத்தை, தலையணை இரண்டுக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். எங்கள் வீட்டில் அதிகம் உதவியது அதுதான்.

வேப்பமரம்:
மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் போதாதா?

மழைக்காதலன்:
ஈரம் போகும், நல்லதுதான். ஆனால் செத்த பூச்சியும் எச்சமும் உள்ளேயே இருக்குமே. விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

சின்னு அப்பா:
கட்டிலில் கரடி பொம்மை இருக்கிறதா? பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவைத்துவிடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூச்சி பெருகாது, சென்னையில் ஏசி இல்லாமல் அது கஷ்டம். இளைப்பு வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தாம்பரத்து அம்மா:
கரடி இல்லை, யானை! இன்றைக்கே ஃப்ரீசரில் வைக்கிறேன்.