காட்டேஜ் என்றால் குடிசைதானா?

மொழிபெயர்ப்பாளர்
ஆங்கிலப் பிரதியில் காட்டேஜ் (cottage) என்று கண்டதும் 'குடிசை' என்று எழுதிவிட்டுப் போவதில்தான் வம்பே தொடங்குகிறது. குடிசை என்றதும் ஓலைக்கூரையும் மண்சுவரும் கண்ணுக்கு வரும். இங்கிலாந்துக் கிராமத்துக் காட்டேஜிலோ கல் சுவர், புகைபோக்கி, மாடி அறைகூட இருக்கும். 'குடிசையின் மாடிப்படியில் ஏறினாள்' என்று அச்சாகி வந்தால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். எந்த ஊர், எந்தக் காலம், குடியிருப்பவர் யார் என்று பார்த்த பிறகே சொல்லைத் தேட வேண்டும். பல இடங்களில் 'சிறு வீடு' போதும்.

வரலாற்றுப் பிரதிகள் பார்ப்பவர்
காலம் முக்கியம். 1589-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது: புதிதாகக் காட்டேஜ் கட்டினால் அதனோடு 4 ஏக்கர் நிலம் சேர்ந்திருக்க வேண்டும். மீறினால் 10 பவுண்டு அபராதம். நிலமில்லாத ஏழைகள் பெருகி ஊருக்குப் பாரமாகக் கூடாது என்பதே நோக்கம். 1775-இல்தான் அது நீங்கியது. அந்தக் காலப் பிரதியில் 'கூலியாள் வீடு' என்ற பொருள் தூக்கலாக இருக்கும். அதே சொல்லை அமெரிக்காவின் நியூபோர்ட்டில் 1895-இல் கட்டி முடித்த 'தி பிரேக்கர்ஸ்' மாளிகைக்கும் சொன்னார்கள். 70 அறை! கோடை வாசத்துக்கு வந்த பணக்காரர்களின் போலி அடக்கம் அது. கனடாவின் ஒன்டாரியோவில் ஏரிக்கரை விடுமுறை வீடு காட்டேஜ்தான்.

சமையல் நூல் திருத்துபவர்
காட்டேஜ் சீஸைப் 'பன்னீர்' என்று மாற்றுபவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். பன்னீர் சூடான பாலில் அமிலம் விட்டுத் திரியவைத்து, பாரம் வைத்து அழுத்தியது. துண்டு போடலாம், பொரிக்கலாம். காட்டேஜ் சீஸில் புளித்துக் கெட்டியான தயிர்க்கட்டியைச் சிறு கனசதுரங்களாக வெட்டி, மெதுவாக 52 முதல் 57 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, மோர்நீரை வடித்து, குளிர்ந்த நீரில் அலசிக் கடைசியில் கிரீம் கலப்பார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் பருக்கையின் மேல்தோல் இறுகி, நீர் உள்ளேயே தங்கிவிடும். இதைப் பன்னீர் என்று நம்பி எண்ணெயில் போட்டால் வாணலியில் துண்டே மிஞ்சாது, வெடித்துத் தெறிக்கும்.

பேக்கரித் தொழிலில் இருப்பவர்
காட்டேஜ் லோஃப் என்ற ரொட்டியில் அது வடிவத்தின் பெயர். பெரிய உருண்டை மேல் சிறிய உருண்டை வைத்து, மாவு தொட்ட விரலை நடுவில் அடிவரை குத்தி இறக்குவார்கள். மாவு தளர்ந்திருந்தால் மேல் உருண்டை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இறுக்கமாகப் பிசைவதுதான் வழி.

மொழிபெயர்ப்பாளர்
'குடிசைத் தொழில்' மட்டும் தமிழில் நன்றாக ஒட்டிக்கொண்டது. வீட்டிலிருந்தே குடும்பத்தார் செய்யும் வேலை என்பதுதான் அங்கே பொருள், கூரையை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் துணிச்சலில் காட்டேஜ் ஹாஸ்பிடலைக் 'குடிசை மருத்துவமனை' ஆக்கிவிடாதீர்கள். 1859-இல் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்துக் கிரான்லீ ஊரில் தொடங்கிய வகை அது. உள்ளூர் மருத்துவரே பார்த்துக்கொள்ளும், சில படுக்கைகள் கொண்ட கிராம மருத்துவமனை. 'சிற்றூர் மருத்துவமனை' என்றால் சரியாக வரும்.